சட்டப்படி ஒரு தீவு

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். கோபம் கூடக் கூட இன்னும் இறங்கி, கடைசியில் வெறும் மூச்சாகிவிடும். லண்டனில், கிங்ஸ்பரியில் நான் வேலை செய்த சிறிய நூலகத்தின் சுவரில், சத்தம் போடாதீர்கள் என்று ஒரு பழைய அறிவிப்பு தொங்கியது. அதை யாரும் மதிப்பதில்லை. பாலர் பாட்டு வகுப்பில் குழந்தைகள் அலறுவார்கள். கணினிகளின் முன்னால் இருப்பவர்கள் தொலைபேசியில் வாய்விட்டுச் சண்டை பிடிப்பார்கள். அவர் ஒருவர்தான் அந்த அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு, ரகசியம் சொல்கிறவரைப்போலக் கொதித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் கோப்புகளில் கிடக்கிறது. இங்குள்ள ஊர்க்காரர்கள் அவரைச் ‘சட்டப்படியார்’ என்பார்கள். இவரைப்போல அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்கு வேலை செய்ய உரிமை இல்லை. அதைத் தெரிந்துகொண்டே ஆயிரம் பேர் எங்கேயோ வேலை செய்துதான் பிழைத்தார்கள். குட்மேய்ஸில் வாகனம் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவர், கைதேர்ந்த இஞ்சின் மெக்கானிக்கான இவரைத் தேடி வந்து கூப்பிட்டார். இவர் போகவில்லை. “சட்டப்படி ஏலாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். காய்ச்சலோடும் போவார். பனி கொட்டி பஸ் ஓடாத ஒரு நாள் நடந்தே போனார். சீட்டை நீட்டி ஒப்பம் வாங்கிக்கொண்டு, அதே வழியால் நடந்து திரும்பினார்.

“ஒரு பிழை விடமாட்டன் பிள்ளை,” என்பார். “ஒரு பிழை கிடைச்சாப் போதும் அவைக்கு. நான் குடுக்கமாட்டன்.”

நாங்கள் முதன்முதல் பேசிக்கொண்டது ஒரு உலகப்பட நூலை வைத்துத்தான். அந்தப் பெரிய புத்தகத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. விரலில் சுற்றியபடி ஒரு துண்டுத் தையல் நூல்.

“பிள்ளை தமிழோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப இதைப் பாருங்கோ. ஆர் கீறின படம் இது? பசிபிக் சமுத்திரத்தை நடுவால கிழிச்சு, பாதியை இந்த ஓரத்திலயும் பாதியை அந்த ஓரத்திலயும் விட்டிருக்கிறாங்கள். நூலால அளக்க ஏலாமக் கிடக்கு.”

“எங்கயிருந்து எங்க அளக்கிறீங்கள்?”

“நியூசிலாந்தில இருந்து பிட்கேர்னுக்கு.”

அப்படியொரு பெயரை நான் கேட்டதில்லை. அவர் விரல் வைத்த இடத்தில் நீலம்தான் தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தபோது ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி.

“இதுவும் இவையின்ர நாடுதான். பிரித்தானியாவின்ர. நாலு தீவு. ஒண்டிலதான் சனம் இருக்கு. குஞ்சு குருமானோட எண்ணினாலும் ஐம்பது பேர் வராது.”

எங்கள் நூலகத்துக்கு வந்த ஒரு பத்திரிகையில்தான் அந்தத் தீவைப் பற்றிப் படித்திருக்கிறார். இளையவர்கள் எல்லாரும் நியூசிலாந்துக்குப் போய்விடுகிறார்கள். மிஞ்சியவர்கள் கிழண்டுபோகிறார்கள். குடியேற வாருங்கள், நிலம் தருகிறோம் என்று தீவு அழைக்கிறது, போக ஆளில்லை. இதுதான் செய்தி. மற்றவர்கள் வேடிக்கையாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். இவர் நாலு தரம் படித்தார்.

“சனமில்லை எண்டு ஒரு தீவு அழுகுது. இடமில்லை எண்டு இஞ்ச எனக்குச் சொல்லுறாங்கள். ரெண்டுக்கும் மேல ஒரே அரசமுடிதானே? ஆளை ஆள் கேட்டுப் பாக்கக்கூடாதோ?”

கேட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தத் தீவு எங்கள் நூலகத்தின் ஒரு மேசையில் குடியேறிவிட்டது. காலை பத்து மணிக்குக் கதவு திறக்க வந்துவிடுவார். கணினியில் ஒருவருக்கு ஒரு மணித்தியாலம்தான் என்பது விதி. ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் எழுந்து விடுவார். அந்தத் தீவின் சட்டங்கள் முழுவதும் இணையத்தில் கிடந்தன. ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். விமானத்தளம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும்; நீளமான வள்ளத்தில் போய் ஆட்களையும் சாமான்களையும் இறக்கி, அலைக்கு நடுவே கரைக்குக் கொண்டுவர வேண்டும். இறங்குதுறையிலிருந்து ஊருக்குச் செங்குத்தான ஏற்றம். இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய கைகள் கோபத்தை மறந்து வள்ளம் ஓட்டின.

“அலை வாற நேரம் பாத்து இஞ்சினைக் குடுக்கவேணும். பிந்தினாக் கல்லில அடிச்சுப்போடும். உது எனக்குப் பிறந்ததில இருந்து தெரிஞ்ச வேலை.”

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் ஒன்று அவருடையது. சண்டைக்கு விலகி விலகி வன்னிக்குப் போனவர். அங்கே கரையோரத்தில் படகு இஞ்சின்கள் திருத்தியதுதான் அவர் செய்த குற்றம். யாருடைய படகைத் திருத்தினாய் என்று கேட்டுத்தான் போர் முடிந்தபின் இராணுவத்தினர் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தார்கள். மனைவி கடைசி நாட்களின் ஷெல் வீச்சில் இறந்துவிட்டார். எட்டு வயது மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு இவர் இங்கே வந்து சேர்ந்தார். தீவில் அவருடைய வீட்டுக்குள் கடற்படைக்காரர் குடியிருந்தார்கள். இவ்வளவையும் அவர் இரண்டு வருடத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். பிட்கேர்னைப் பற்றியோ ஒரே மூச்சில் சொல்வார்.

“நாப்பது சொச்சம் சனம். அதுக்கு ஒரு மேயர், ஒரு கவுன்சில், தேர்தல், கொடி, முத்திரை. ஆளுநர் மட்டும் அங்க இல்லை, நியூசிலாந்தில இருக்கிறார். அங்கத்தைய பிரித்தானியத் தூதர்தான் இதுக்கும் ஆளுநர். ஆண்டு கொண்டிருக்கிறவன் தூரத்தில இருக்கிறது எங்களுக்குப் பழக்கம்தானே. ஆனா ரோட்டில குழி விழுந்தா மேயரின்ர கதவைத் தட்டலாம் பிள்ளை! பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேக்கலாம்!”

பொதுவேலை என்ற பகுதியை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். ரோடு, வள்ளம், இறங்குதுறை எல்லாவற்றையும் ஊரவர்களே சேர்ந்து பராமரிக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஏழு வருடமாக ஒரு ஆணியைக்கூடத் திருக விடாமல் வைக்கப்பட்டிருந்த மனிதர் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

“அங்க சும்மா இருக்க விடமாட்டினம்,” என்றார். மூச்சு மட்டுமே வந்தது.

தீவு மக்களின் வரலாறு அவரை இன்னும் கொதிக்க வைத்தது. கப்பல் தலைவனுக்கு எதிராகக் கிளம்பி, கப்பலைப் பறித்துக்கொண்டு ஓடிய ஆங்கில மாலுமிகளும், அவர்களோடு போன தாகித்தித் தீவுப் பெண்களும் ஆண்களும் ஒளிந்த இடம் அது. இன்றைக்கு இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய வழி வந்தவர்கள்.

“களவெடுத்த கப்பல். அதையும் கொளுத்திப்போட்டு ஒளிச்சிருந்தவை. ஒருத்தரை ஒருத்தர் கொலை செய்தவை. அவையின்ர பிள்ளையளின்ர பிள்ளையளுக்கு முடியின்ர பாதுகாப்பு. நான் விமானத்தால இறங்கின உடனை, ஐயா என்னைக் காப்பாத்துங்கோ எண்டு கையைக் கூப்பினனான். நான் பொய்யனாம்.”

ஒருநாள் நான் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பயந்து போனேன். முன்னொரு காலத்தில் அங்கே சிறுமிகளுக்கு நடந்த கொடுமைகளுக்காக ஆண்கள் சிலர் வழக்கு வைத்துத் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த நாள் கேட்டேவிட்டேன்.

“மகளையும் கூப்பிடுவன் எண்டு சொல்லுறீங்கள். இது தெரியுமோ உங்களுக்கு?”

“தெரியும். எல்லாம் படிச்சனான்.” முகம் கறுத்திருந்தது. “உவங்களை நினைச்சா எனக்கும் வயிறு எரியுது. ஆனா பிள்ளை, அந்தப் பெட்டையள் சொன்னதை ஆரோ கேட்டவை. நீதவான் கடல் தாண்டி அங்க போனவர். இப்ப அங்க ஒரு பொலிஸ் இருக்கு. எங்கட பெட்டையளுக்கு நடந்ததுக்கு எந்த நீதவான் கப்பலேறி வந்தவர்?”



குடியேற்ற விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். படகு இஞ்சின், ஜெனரேட்டர், வெல்டிங், தண்ணீர்ப் பம்பு. மது அருந்துவதில்லை. மீன் பிடிக்கத் தெரியும். மகள் ஒருத்தி, படிப்பில் கெட்டிக்காரி. சில வாரங்களில் மின்னஞ்சல் வந்தது. அன்பான கடிதம். இஞ்சின் தெரிந்தவர்கள் எப்போதும் தேவை என்று எழுதியிருந்தார்கள். கடவுச்சீட்டின் பிரதியையும், எந்த வழியால் பயணம் செய்து வருவீர்கள் என்ற விவரத்தையும் கேட்டிருந்தார்கள். நான் வாசித்து முடித்ததும் அவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் மறுபடி இருந்தார்.

கடவுச்சீட்டு அவரிடம் இல்லை. வந்த நாளே குடிவரவு அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. திருப்பிச் சொந்த நாட்டுக்குப் போவதென்றால் மட்டும் விமானத்தளத்தில் வைத்துத் தருவார்கள்.

“கேட்டு எழுதுவம் பிள்ளை. வெளிய போ வெளிய போ எண்டு ஏழு வருசமாச் சொல்லுறாங்கள். நான் போறன், கடவுச்சீட்டைத் தாங்கோ எண்டு கேப்பம். சட்டப்படி எல்லாப் பிரதியும் வைச்சு அனுப்புவம்.”

குடிவரவு அலுவலகத்துக்கான அந்தக் கடிதத்தைத் தட்டெழுதியதும் நான்தான். தீவுக்கான விண்ணப்பம், தீவின் பதில், இரண்டையும் பிரதி எடுத்து இணைத்துத் தபாலில் போட்டதும் நான்தான். இதை ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. ஆனால் அப்போது அவருடைய வழக்கறிஞர் புதிதாகப் போட்டிருந்த மனு ஒன்று நிலுவையில் இருந்தது. சித்திரவதையால் மனம் உடைந்த மனிதர், இங்கே தமிழ் ஆட்களின் துணையோடுதான் நடமாடுகிறார் என்று மருத்துவர் அறிக்கையோடு போட்ட மனு. அதை நிராகரித்து வந்த முடிவில் ஒரு பந்தி இருந்தது. ‘விண்ணப்பதாரர், ஐம்பது பேருக்கும் குறைவானோர் வாழும் தொலைதூரத் தீவொன்றில் குடியேறத் தாமே விரும்பி விண்ணப்பித்துள்ளார். எனவே தமது சமூகத்தின் ஆதரவின்றி வாழ இயலாது என்னும் அவரது வாதம் ஏற்கத்தக்கதன்று.’

வழக்கறிஞர் மதுரைப் பக்கத்துப் பெண். என்னைக் கூப்பிட்டுத் தொலைபேசியில் வெடித்தார்.

“இந்த லெட்டர யாருங்க எழுதச் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? அவங்க கையில நாமளே கத்தியக் குடுத்திருக்கோம்!”

“நான்தான் எழுதினேன்,” என்றேன்.

“சரி விடுங்க. கோபத்துல சொல்லிட்டேன். அப்பீல் போடுறேன்.”

அந்தப் பந்தியை எழுதியவரை நான் பல தடவை கற்பனை செய்திருக்கிறேன். மேசையில் தேநீர் இருந்திருக்கும். அந்த வாதம் மனத்தில் உதித்தபோது ஒரு சின்னச் சந்தோஷம் வந்திருக்கும். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டியிருக்கலாம். மூழ்குகிறவன் கையில் அகப்பட்ட பலகையைப் பார்த்து, இவனுக்குக் கப்பல் தேவையில்லை என்று எழுதியவர் அவர். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறக்கூடாது என்றும் நினைக்கிறேன்.

அடுத்த கையெழுத்து நாள் வந்தது. நிராகரிப்புக்குப் பிறகு கையெழுத்து வைக்கப் போனவர்களை அங்கேயே பிடித்து வைத்த கதைகள் எங்களுக்குத் தெரியும்.

“போகாதேங்கோ அண்ணை. காய்ச்சல், வருத்தம் எண்டு சொல்லுங்கோ. டொக்டரிட்ட துண்டு எடுக்கலாம்.”

“எனக்கு வருத்தம் இல்லையே பிள்ளை.”

“உங்களைப் பிடிப்பாங்கள்!”

“பிடிக்கட்டும். நான் ஒளிச்சவன் எண்டு ஒரு வசனம் எழுத விடமாட்டன்.”

போனார். பிடித்தார்கள். தடுப்பு முகாமுக்கு நான் பார்க்கப் போனபோது, அங்கேயும் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்து முடித்திருந்தார். அவரைத் திருப்பியனுப்ப விமானச் சீட்டுப் போட்ட பிறகுதான் வழக்கறிஞரால் நீதிமன்றத் தடை வாங்க முடிந்தது. இரண்டு மாதம் கழித்துப் பிணையில் விட்டார்கள். மெலிந்துபோய் வந்தவர், வந்த மறுநாள் பத்து மணிக்கு நூலக வாசலில் நின்றார். எங்கள் மேலாளர், வெள்ளைக்காரப் பெண், கதவைத் திறந்துவிட்டு அவருக்கு ஒரு கோப்பை தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே தேநீர் குடிக்கக் கூடாது என்பது விதி. அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குளிரில் நின்று குடித்தார்.

மேன்முறையீடு விசாரணைக்கு வர மேலும் மூன்று வருடம் ஆனது. நானும் சாட்சியாகப் போயிருந்தேன். சின்ன அறை. நீதிபதி, அலுவலகத்தின் தரப்பில் பேச வந்த ஒரு இளைஞர், மொழிபெயர்ப்பாளர், நாங்கள். இளைஞர் அந்தத் தீவைத்தான் பிடித்துக்கொண்டார். தமிழர் ஒருவர்கூட இல்லாத இடம் என்று தெரியுமா? தெரியும். கோயில் இல்லை, தெரியுமா? தெரியும். மனநல மருத்துவர் இல்லை, தெரியுமா? தெரியும். அப்படியானால், இவை எதுவுமில்லாமல் வாழ முடியும் என்று நம்பித்தானே விண்ணப்பித்தீர்கள்?

அவர் எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரல் அவரிடமிருந்து வந்தது. மொழிபெயர்ப்பாளர் கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

“அங்க ஆமி இல்லை! ஒரு பொலிஸ்தான் இருக்கு, அதுவும் பேர் சொல்லிக் கதைக்கிற பொலிஸ்! கதவைத் தட்டினா ஆர் தட்டுறது எண்டு தெரியும்! அதுக்குத்தான் கேட்டனான்! கோயிலுக்கோ கேட்டனான்? நித்திரை கொள்ளுறதுக்குக் கேட்டனான் ஐயா, நித்திரை கொள்ளுறதுக்கு!”

மொழிபெயர்ப்பாளர் அதை மெதுவாக, சத்தமில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, அவரை இருக்கச் சொன்னார். இளைஞர் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

வென்றோம். அவர் சொன்னது உண்மை என்று தீர்ப்பில் இருந்தது. முதல் நாள் சொன்னதும் உண்மை, இன்று சொன்னதும் உண்மை. நான் அழுதேன். அவர் தீர்ப்பைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, “இதே கதையைத்தான் நான் வந்த கிழமையும் சொன்னனான்,” என்றார்.

அந்த வாரமே மகளை அழைப்பதற்கான படிவத்தை எடுத்து வந்தார். இரண்டாவது பக்கத்தில் வயது கேட்டிருந்தது. அகதியின் பிள்ளை பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் வரலாம். அவர் வந்தபோது மகளுக்கு எட்டு. பதினொரு வருடம் இழுத்தடித்துவிட்டு, இப்போது அவளுக்கு வயது கூடிவிட்டது என்றார்கள். வழக்கறிஞர் விதிவிலக்குக் கேட்டு எழுதினார். மறுத்தார்கள். வளர்ந்தவர், தனித்து வாழக்கூடியவர் என்று ஒரு வரி. அவர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்கு அவர் சட்டப்படி என்று சொல்லவில்லை.

தீவைப் பற்றி ஒருமுறை நானாகவே கேட்டேன். இப்போது சட்டபூர்வமாகவே எழுதிப் பார்க்கலாமே என்று. “அவை நல்ல சனம், பிள்ளை. அவைக்கு வள்ளத்தில பாயக்கூடிய ஆள் வேணும்,” என்றார். “என்ர முழங்கால் இஞ்ச அலுவலக வாங்குகளில குந்தியிருந்தே பழுதாப் போட்டுது.” பிறகு லண்டனின் தெற்கே சட்டன் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்து அங்கே போய்விட்டார்.

இலங்கைக்கு அவரால் போக முடியாது. மகளால் இங்கே வர முடியாது. அகதிகளுக்கான பயணப் பத்திரம் கிடைத்து, இந்திய விசாவும் கிடைக்க இன்னொரு வருடம் ஆனது. இருவரும் சென்னையில் சந்திப்பதாக ஏற்பாடு. அவர் முந்தின நாளே போய்விட்டார். மகளின் விமானம் வந்த அன்று பின்னேரம், எனக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது.

“கண்டீங்களோ அண்ணை பிள்ளையை?”

“கண்டனான்.”

பின்னால் வாகனங்களின் இரைச்சல் கேட்டது.

“வாசல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் பிள்ளை. போட்டோவில எத்தினை தரம் பாத்த முகம். ஆனா அந்த நேரம் என்ர கண் ஒரு உயரத்தில நிண்டுட்டுது. வந்த சின்னப் பிள்ளையளைத்தான் ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு நிண்டனான். பக்கத்தில ஒரு பொம்பிளை பெட்டியோட வந்து நிண்டவ. வாறவையை மறைக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.”

“அவ என்ன சொன்னவ அண்ணை?”

“அவ ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை,” என்றார். “தள்ளி நிண்டவ.”